மகளுக்குள் இருந்த ‘ஹ’

தொண்டையில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள், அப்புறம் பேச வருமா வராதா என்று கேட்டுக்கொண்டு என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். திருவாரூர் கடைத்தெருவில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறேன். பெயர் ஜபருல்லா. வருகிற ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்து முழுக்கதையும் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் இப்போது என் பேச்சு, நாலு எழுத்துக்கு ஒருதரம் காற்று கேட்கிற பேச்சு. கதை முடிவதற்குள் கடை அடைக்கிற நேரம் வந்துவிடும். அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு நான் எப்படிப் பேசுவேன் என்று கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். “பாய் கடையில சட்டை வாங்கினா பேச்சு ஃப்ரீ” என்பார் எதிர்க் கடைக்காரர். கடை வைப்பதற்கு முன் பதினாலு வருஷம் சவூதியில், தம்மாமில் ஒரு பெரிய கடையில் சேல்ஸ்மேன். என் மகள் பிறந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். ஹாஜரா என்று பெயர் வைக்கச் சொன்னது நான். எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் ‘ஹ’ நிற்காது. ஆஜரா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்திலும் ஆஜரா என்றே எழுதிவிட்டார்கள் என்று தெரிந்ததும் தம்மாமிலிருந்து தலைமையாசிரியருக்குக் கடிதம் போட்டுத் திருத்தவைத்தவன் நான்.

அப்போதெல்லாம் போன் பேசுவது பெரிய செலவு. கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவோம். நான் ஒவ்வொரு கேசட்டையும் “ஹாஜரா” என்று அழுத்திக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிப்பேன். தகப்பனை எங்களில் அத்தா என்போம்; அந்தப் பிள்ளைக்கு அத்தா என்றால் டேப்ரிக்கார்டர். ஒருநாள் கேசட் போடுகிற வாயில் பிஸ்கட்டைத் திணித்துவிட்டு, “அத்தாவுக்குப் பசிக்கும்ல” என்றாளாம். ரிப்பேர்காரர் எறும்போடு சேர்த்து வெளியே எடுத்தார் என்று என் மனைவி மைமூன் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு நான் அழுததை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

குரல் கம்ம ஆரம்பித்தபோது நான் சட்டை செய்யவில்லை. துணிக்கடைத் தூசி என்றேன். பனி என்றேன். சிகரெட்டை மட்டும் சொல்லவில்லை. தம்மாமில் பிடித்த பழக்கம், ஊருக்கு வந்தும் விடவில்லை. மறைக்க ஒன்றுமில்லை, எழுதிவிடுகிறேன்.

“என்னங்க, கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரி இருக்கு உங்க குரலு. போயிப் பாருங்க” என்று மைமூன் ஆறு மாதம் சொன்னாள். ஏழாவது மாதம் எச்சில் விழுங்கினாலே காதுவரை குத்தியது. அப்புறம்தான் போனேன்.

திருவாரூர் டாக்டர் பார்த்தவுடன் தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மூக்கு வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். பயப்பட வேண்டாம், தும்மல் வந்து நின்றுபோகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பிறகு மயக்கம் கொடுத்து, தொண்டைக்குள்ளிருந்து நெல்லளவு சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆனது. இந்த வியாதியில் எது கஷ்டம் என்று கேட்டால் அந்தப் பத்து நாளைத்தான் சொல்வேன். கத்தி ஒருநாள் வலி. காத்திருப்பு இருக்கிறதே, சோறு இறங்காது.

புற்று என்றார்கள். குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் பொறுமையானவர். தாளில் படம் போட்டார். ஆற்றிலிருந்து வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு மதகு இருக்குமல்லவா, அதுமாதிரிதான் நமக்கும். ஒரு வாய்க்கால் காற்றுக்கு, ஒரு வாய்க்கால் சாப்பாட்டுக்கு. குரல்வளைதான் மதகு. அந்த மதகையே எடுத்துவிட்டால் இரண்டும் கலந்துவிடும். அதனால் காற்று வாய்க்காலைத் திருப்பிக் கழுத்தின் அடியில் ஒரு துளை வழியாக வெளியே விட்டுவிடுவார்கள். அப்புறம் மூச்சு அந்தத் துளையில்தான். வாய் சாப்பிட மட்டும்.

“பேச்சு?” என்று கேட்டேன்.

“இப்ப பேசுற மாதிரி வராது. வேற வழிகள் இருக்கு, அப்புறம் பார்க்கலாம். முதல்ல உயிரைக் காப்பாத்துவோம் பாய்.”

“என் மக நிக்காஹ்ல நான் பேசணுமே சார்.”

அவருக்கு விளங்கவில்லை. உங்களில் சிலருக்கும் விளங்காமல் இருக்கலாம். எங்கள் கல்யாணத்தில் பெண்ணைக் கொடுப்பது பெண்ணின் தகப்பன். மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை இவ்வளவு மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற கொடை. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னால் கல்யாணம் முடிந்தது. பலபேர் கூச்சப்பட்டு அந்தப் பொறுப்பைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே கொடுத்துவிடுவார்கள். அதற்கும் இடம் இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. பதினாலு வருஷம் வெறும் குரலாக மட்டும் தகப்பனாக இருந்தவன் நான். அந்த ஒரு வாக்கியத்தையாவது அவள் கல்யாணத்தில் நேரில் நின்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அப்போது ஹாஜராவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் வார்டில் என் கட்டிலைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். மைமூனின் தம்பி அமீனுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் யோசனைகளுக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு, யாரும் கேட்கமாட்டோம்.

“மச்சான், அந்த நிக்காஹ் வார்த்தைய இப்பவே சொல்லிடுங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிறேன். அன்னிக்கி மைக்குல போட்டுடலாம்.”

“மாப்பிள்ளையே இன்னும் வரலியேடா.”

“அதனால என்ன? மாப்பிள்ளை பேரு வர்ற எடத்துல கொஞ்சம் கேப் விடுங்க. அப்புறம் நான் சேத்துக்கிறேன்.”

ஹாஜரா இடுப்பில் கை வைத்தாள். “மாமா, கேப்புக்கா என்னைக் கட்டிக் கொடுக்குறீங்க? வரதட்சணை கேக்காதுல்ல?”

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். என் பழைய குரலில் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான். பிறகு ஹஜ்ரத்திடம் கேட்டோம். பதிவு செல்லாது, அந்தச் சபையில் அந்த நேரத்தில் சொல்ல வேண்டும், முடியாதவர் இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். அதற்குள் நான் கேப் விட்டுச் சொன்னதை அமீன் பதிவு செய்திருந்தான், அதை இன்னும் அழிக்கவில்லை.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு குழாய். மூக்குக் குழாய் வழியாகத்தான் பன்னிரண்டு நாள் கஞ்சியும் பாலும். மைமூன் என்று கூப்பிட வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது. சத்தம் இல்லை, காற்றுகூட இல்லை. தெரிந்துதான் போனேன், தெரிந்திருப்பது வேறு, அது நடப்பது வேறு. அன்று சாயங்காலம்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

மறுநாள் ஹாஜரா ஒரு சைக்கிள் மணியை வாங்கிவந்து கட்டில் கம்பியில் முடுக்கினாள். கூப்பிட வேண்டுமானால் அடிக்க வேண்டியது. இரண்டே நாளில் பக்கத்துக் கட்டில்காரர்களும், “பாய், எனக்கும் சேத்து ஒருதரம் அடிங்க, சலைன் முடியுது” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எழுதிக் காட்டச் சிலேட்டு கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு வேடிக்கை: நான் எழுதிக் காட்டினால், பார்க்க வந்தவர்களும் சிலேட்டை வாங்கி எழுதியே பதில் சொன்னார்கள். அமீன், “வலி இருக்கா?” என்று எழுதிக் காட்டினான். “காது நல்லா இருக்குடா மடையா” என்று எழுதிக் கொடுத்தேன். இன்னும் சிலர் என் காதருகே வந்து கத்துவார்கள்.

மைமூன் கடையிலிருந்து மெல்லிய பருத்தித் துணியை வெட்டி, கழுத்துத் துளையை மறைக்கச் சின்னச் சின்ன மறைப்புகள் தைத்தாள். தூசி போகாது, காற்று ஈரமாகப் போகும். என் ஒவ்வொரு சட்டைக்கும் பொருத்தமான நிறத்தில் தைத்தாள். “ஜவுளிக்கடைக்காரர் மேட்ச் இல்லாமப் போகலாமா?” என்றாள். செலவில் பெரும்பங்கைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது, மீதியை நாங்கள் பார்த்துக்கொண்டோம், அதை விடுங்கள். புண் ஆறியதும் ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. வலிக்காது, ஆனால் வாய் காய்ந்து, கழுத்துத் தோல் கறுத்து, எதைத் தின்றாலும் சாக்பீஸ் மாதிரி இருக்கும். ருசி திரும்பி வந்துவிடும், பயப்படாதீர்கள்.

அந்த நாட்களில்தான் வார்டு சிஸ்டர் ஒருவர் என் போனை வாங்கி ஒரு குழுவில் சேர்த்துவிட்டார். குரல்வளை எடுத்தவர்கள் மட்டும் இருக்கிற குழு. பெயர் ‘புதுக்குரல்’. உள்ளே இருப்பவர்கள் வைத்த பெயர் ‘ஏப்பக் கச்சேரி’. ஏன் என்று சொல்கிறேன். குரல்வளை போனபின் பேச ஒரு வழி, வாயால் காற்றைப் பிடித்து உணவுக்குழாயின் மேல்பகுதிக்குள் அமுக்கி, உடனே வெளியே விடுவது. வருகிற காற்று அங்கே உள்ள சதையை அதிரவைக்கும். அதாவது ஏப்பம். அந்த ஏப்பத்தை நாக்காலும் உதட்டாலும் சொல்லாக்க வேண்டும். கருவி வைத்துப் பேசுவதும் உண்டு, துளைக்குள் வால்வு வைத்துப் பேசுவதும் உண்டு. அவரவருக்கு எது ஆகும் என்று டாக்டர் சொல்வார். எனக்கு இந்த ஏப்பப் பேச்சைச் சொன்னார்கள்.

குழுவுக்கு ஒரே சட்டம்: எழுதக்கூடாது. குரல் பதிவு மட்டும்தான் அனுப்ப வேண்டும். முதல் நாள் நாலைந்து பதிவுகளைக் கேட்டேன். ஐப்பசி மழைக்கு வயலில் தவளை கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இதுதானா நான் பேசப்போகிற பேச்சு என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மூன்று வாரம் கேட்பதோடு சரி.

ஒருநாள் என் பெயருக்கே ஒரு பதிவு வந்தது. திருவிடைமருதூர் தங்கராசு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் போய் ஒன்பது வருஷம் ஆனவர், குழுவை நடத்துகிறவர். கரகரவென்று, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக:

“திருவாரூர் பாய். ஏறி மூணு வாரம் ஆச்சு. படிக்கட்டுலயே நிக்கிறீங்க. உள்ள எடம் காலியா கெடக்கு. உள்ள வாங்க.”

ஏப்பத்திலா ஒரு மனுஷன் நக்கலடிக்க முடியும்! அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சொற்களுக்கு நடுவில் ஒரு சிரிப்பு இருந்தது. சிரிப்பும் வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் சொல்லிக்கொடுக்கிற முறையே தனி. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா காற்றை எப்படி அமுக்குவது என்று காட்டிக்கொடுத்தார். தங்கராசு அதை பஸ் ரூட்டாக்கிவிட்டார். காற்று சுலபமாகப் பிடிபடுகிற எழுத்துகள் ப, த, க. அதனால் முதல் ஸ்டாப் பாபநாசம். “பாபநாசத்துல எறங்காதவங்களுக்கு அடுத்த டிக்கெட் கெடையாது.” அதற்கடுத்து கும்பகோணம். அப்புறம் தஞ்சாவூர், ஆடுதுறை. திருவாரூர் வெகு தூரத்தில் இருந்தது. அந்த ‘ரூ’வும் ‘ர்’ரும் என்னைப் படுத்திய பாடு! சொந்த ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு நாலு மாதம் பிடித்தது.

காற்று வரவில்லை என்றால் ஒரு வாய் சோடா குடிக்கலாம் என்றார்கள். எங்கள் பக்கத்துப் பன்னீர் சோடாவை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு பாட்டில் தீர்ந்தது. வயிறு உப்பி, வாசனையாக ஏப்பம் வந்தது, எழுத்து வரவில்லை. ஐந்தாவது நாள் ‘பா’ வந்தது. அடுப்படியில் இருந்த மைமூன் ஓடிவந்தாள்.

“யாரு, நீங்களா?”

தலையாட்டினேன்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

அந்த ‘பா’வைக் குழுவில் போட்டேன். அரைமணி நேரத்தில் இருபத்தேழு பதில். பஹ்ரைனில் லாரி ஓட்டுகிறவர் ஹாரன் அடித்து அனுப்பினார். ஈப்போவிலிருந்து சரசு அக்கா, மலேசியத் தமிழில், “வந்துட்டியா தம்பி, இனி நிறுத்தாதே லா” என்றார். இவர்களில் ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் கடை திறந்து ஊதுபத்தி ஏற்றியதும் பாபநாசம், கும்பகோணம் என்று சொல்லிப் போடுவேன். நான் ஒருநாள் போடாவிட்டால், “பாய் வண்டி ஏன் லேட்?” என்று நாலு தேசத்திலிருந்து கேட்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூருக்குப் போய்ச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்கிற மத்தியானங்களில், அந்த பெஞ்சில் என் கூட உட்கார்ந்திருந்தது அவர்கள் குரல்தான். முடிவு நல்லபடியாக வந்தால் யாராவது ஒருவர் விசிலடிக்க முயற்சி செய்வார். எங்களுக்கு விசில் வராது. அதுதான் வேடிக்கை.

ஒன்றரை வருஷம் ஆனது. ஹாஜராவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை சலீம், சிங்கப்பூரில் வேலை, கல்யாணத்துக்கு ஒரு மாத லீவில் வருவதாக ஏற்பாடு. மூன்று பவுன் மஹர். நாள் குறித்தாயிற்று. நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தாளில் எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் தலையில் இடி விழுந்தது.

குரல்வளை எடுத்த எங்களால் சொல்லவே முடியாத ஒரு எழுத்து உண்டென்றால் அது ‘ஹ’. அது நெஞ்சிலிருந்து வருகிற வெறும் மூச்சு. எங்கள் மூச்சோ கழுத்தோடு போய்விடுகிறது; வாய்க்கு வருவதே இல்லை. ஹாஜரா. மஹர். நிக்காஹ். வாக்கியம் முழுக்க அதுதான் இருந்தது. ஊர் முழுக்க ஆஜரா என்றபோது கடிதம் போட்டுச் சண்டை பிடித்தவன், இன்று வாயைத் திறந்தால் ஆஜரா.

மைமூனுக்கு வேறு பயம். “ஹஜ்ரத்தே சொல்லட்டுங்க. அத்தனை பேர் மத்தியில பாதியில நின்னுட்டா, யாராவது சிரிச்சுட்டா, புள்ளைக்கு அந்த நாளே கெட்டுப்போயிடும்.” அவள் சொன்னதில் தப்பில்லை. சம்மதித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஹஜ்ரத்திடம் போய், ‘ஹ’ வராமல் சொன்னால் செல்லுமா என்று எழுதிக் கேட்டேன். அவர் சிரித்தார். “எந்தப் பொண்ணு, எந்த மாப்பிள்ளைன்னு சபைக்கு விளங்குனாப் போதும் பாய். அல்லாவுக்குத் தமிழ் தெரியாதா?” செல்லும். ஆனால் எனக்குச் செல்லவில்லை. அவள் பெயரை நானே குறைத்துச் சொல்வதா?

குழுவில் சொன்னேன். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். தங்கராசு இரண்டு நாள் தானே சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். மூன்றாம் நாள் பதிவு வந்தது.

“பாய். ‘மகன்’னு சொல்லுங்க.”

சொல்லி அனுப்பினேன்.

“அந்த நடு எழுத்து என்னா?”

“க.”

“பல்லைக் கடிச்சு ‘மக்கன்’னா சொன்னீங்க? இல்லல்ல. நாக்கோட பின்பக்கம் மேல லேசா ஒரசிட்டுப் போவுது. அந்த ஒரசல்தான் பாய் உங்க ‘ஹ’. மூச்சே வேணாம். தமிழ்ல எப்பவும் இருந்துக்கிட்டுத்தான் இருக்கு. இப்ப ‘மகள்’னு சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்தாம பேரைச் சொல்லுங்க.”

கடையில் ஆள் இல்லாத நேரம். சோடாவைத் தள்ளி வைத்துவிட்டு, காற்றைப் பிடித்து, சொன்னேன். மகள். அந்த உரசல் நாக்கின் பின்பக்கம் தெரிந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போனேன். மக… ஹாஜரா. பதிவைப் போட்டுக் கேட்டேன். கரடுமுரடுதான். ஆனால் ஆஜரா இல்லை. ஹாஜரா.

பிறகு வாக்கியத்தை ஒன்பது வாய்க் காற்றாகப் பிரித்தோம். என் மகள் ஒரு வாய். ஹாஜராவை ஒரு வாய். மூன்று பவுன், மஹருக்கு, சலீமாகிய, உங்களுக்கு, நிக்காஹ், செய்து, கொடுத்தேன். குழுவில் நாற்பது பேரும் எனக்கு மாப்பிள்ளையானார்கள். காலையில் நான் சொல்லிப் போட்டால், பஹ்ரைனிலிருந்து “ஏற்றுக்கொண்டேன்” என்று வரும். சரசு அக்கா, “நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன், மஹர் சரியா கேக்கல, மறுபடி சொல்லு” என்பார். வீட்டில் மைமூன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே அரிசி களைவாள். ஒருநாள் அவளாகவே, “நிக்காஹ்தான் கொஞ்சம் அமுங்குது. மத்ததெல்லாம் நல்லாருக்கு” என்றாள். அதற்குப் பிறகு ஹஜ்ரத் பேச்சை அவள் எடுக்கவில்லை.

கல்யாண நாள். மண்டபத்தில் ஆண்கள் பக்கம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்துக்கு ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள். தங்கராசு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் பச்சைக் கைக்குட்டை. அவரை முதன்முதலாக நேரில் பார்த்தேன். குரலைக் கேட்டு ஆறடி ஆள் என்று நினைத்திருந்தேன், என் தோள்வரைதான் இருந்தார்.

ஹஜ்ரத் ஓதி முடித்து மைக்கை என் பக்கம் நகர்த்தினார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். சபையில் ஒரு முணுமுணுப்பு; விஷயம் தெரியாதவர்கள் என் கழுத்துத் துணியைப் பார்த்துக்கொண்டார்கள். காற்றைப் பிடித்தேன்.

“என் மகள்… ஹாஜராவை…”

முணுமுணுப்பு அப்படியே நின்றது.

“மூணு பவுன்…”

அடுத்த காற்று உள்ளே போய்விட்டது. வயிற்றுக்குள் போய்விட்டால் வராது. வாயைத் திறந்தேன், ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. ஹஜ்ரத்தின் கை மைக்கைத் தொட்டது. சலீம் அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்து வேண்டாம் என்றார். என் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “மெதுவா மாமா. லீவு முப்பது நாள் இருக்கு” என்று எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவுடன் தொண்டை இளகியது. காற்றைப் பிடித்தேன்.

“மஹருக்கு… சலீமாகிய… உங்களுக்கு… நிக்காஹ்… செய்து… கொடுத்தேன்.”

“ஏற்றுக்கொண்டேன்” என்றார் சலீம்.

ஒரு நொடி மண்டபத்தில் விசிறிச் சத்தம் மட்டும். அந்த அமைதியில்தான், பின்வாசலில் பிரியாணிச் சட்டியைத் திறக்கலாமா என்று கேட்க வந்து நின்ற சமையல்காரர், மைக்செட்காரரிடம் கேட்டது முன்வரிசை வரைக்கும் கேட்டது.

“யாருண்ணே அது, மைக்குல பேசுனது?”

“பொண்ணோட அத்தா.”